சமையலறையை மாற்றும் படலம்

ஜனவரி 6

சிங்குக்குக் கீழே உள்ள அலமாரிக் கதவு இன்று கையோடு வந்துவிட்டது. எம்டிஎஃப் பலகை, அதாவது மர நாரை அழுத்திச் செய்தது. தண்ணீர் பட்டுப் பட்டு அடிப்பக்கம் உப்பி, திருகாணி பிடிக்க இடமில்லை. கதவை மட்டும் மாற்றலாம் என்றேன். "மாத்துறதுன்னா மொத்தமா மாத்து. இந்த மேடையால என் தோள்பட்டையே போச்சு" என்றார் அம்மா. மேடை அவருக்கு உயரம் அதிகம். ஒரு பலகையைப் போட்டு அதன் மேல் நின்றுதான் சமைக்கிறார். அதே மேடையில் பாத்திரம் துலக்கி எனக்கு இடுப்பு வலி. சரி, மொத்தமாகவே பார்ப்போம்.

ஜனவரி 9

நடுவில் தீவு போல ஒரு மேடை வேண்டும் என்று மூன்று நாளாகப் படங்களாகச் சேர்த்துக்கொண்டிருந்தேன். இன்று அந்த அளவுக்குத் தரையில் செய்தித்தாளை விரித்துப் பார்த்தேன். அறையின் அகலம் 9 அடி. சுவரோர மேடைக்கு 2 அடி, தீவுக்கு இரண்டரை, நடக்க இருபுறமும் மூன்றரை அடி என்றால் பதினொன்றரை ஆகிறது. நடைபாதையைக் குறுக்கிப் பார்த்தேன், ஃபிரிட்ஜ் கதவு பாதிதான் திறந்தது. தீவு மூழ்கியது.

ஜனவரி 13

சிங்கை ஜன்னலுக்கு அடியில் கொண்டுபோகும் ஆசையை பிளம்பர் முடித்துவைத்தார். கழிவுக் குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலம் சரிவு வேண்டும். ஜன்னல் 8 அடி தள்ளி இருப்பதால் 2 அங்குலம் இறக்க வேண்டும், அது முடியாததில்லை. ஆனால் மூலையில் வளைந்து, டிராயர்களுக்குப் பின்னால் ஓடும். நீளமும் வளைவும் கூடினால் எண்ணெய்ப் பிசுக்கு தங்கும், அடைத்தால் டிராயர்களைக் கழற்றித்தான் குத்திவிட வேண்டும் என்றார். சிங்க் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

ஜனவரி 14

சாமான்களைக் கணக்கெடுத்தோம். பாத்திரம் இல்லாத மூடிகள் 11. அம்மா ஒன்றைக்கூடத் தூக்கிப்போட விடவில்லை.

ஜனவரி 19

சிங்க், அடுப்பு, ஃபிரிட்ஜ் மூன்றையும் இணைக்கும் முக்கோணத்தின் சுற்றளவு 13 அடிக்குக் குறையாமலும் 26 அடியைத் தாண்டாமலும் இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. 1940களில் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவானது. எங்கள் வீட்டில் அளந்தேன், 17 அடி. கணக்குப்படி ஒரு குறையும் இல்லை. பிறகு ஏன் அம்மா காய் நறுக்கச் சாப்பாட்டு மேசைக்குப் போகிறார்? சிங்குக்கும் அடுப்புக்கும் இடையில் தட்டு வடியும் கூடை, டப்பாக்கள் போக ஒரு கை அகலம்தான் மிச்சம். முக்கோணம் தூரத்தைச் சொல்கிறது, காலி இடத்தைச் சொல்லவில்லை.

இன்னொன்று. 1926இல் கட்டடக் கலைஞர் மார்கரெத்தே ஷூட்டே-லிஹோட்ஸ்கி ஜெர்மனியில் குடியிருப்புகளுக்காக வடிவமைத்த ஃபிராங்க்ஃபர்ட் சமையலறை சுமார் 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர்தான். ஒருவர் மட்டும் நின்று வேலை செய்யும் இடம் அது. இங்கே இரண்டு பேர், அதுவும் ஒரே நேரத்தில்.

ஜனவரி 24

இன்று முழுக்க உயரப் பஞ்சாயத்து. நின்றபடி முழங்கையை மடக்கி, அதற்கு நாலைந்து அங்குலம் கீழே மேடை இருந்தால் வசதி என்கிறார்கள். அம்மாவின் முழங்கை 37 அங்குலத்தில், எனக்கு 44. அப்படியென்றால் அவருக்கு 32, எனக்கு 39. இருப்பது 35. இருவருக்கும் பொதுவாக நடுவில் வைத்தார்கள், இருவருக்கும் பொதுவாக வலிக்கிறது.

சாயங்காலம் பாத்திரம் துலக்கும்போதுதான் உறைத்தது. சிங்கில் கை வேலை செய்வது விளிம்பில் இல்லை, அடியில். அதனால் சிங்க் சற்று உயரமாக இருந்தால்தான் குனிய வேண்டாம். அடுப்பில் தலைகீழ்: அடுப்பின் உயரம், அதன் மேல் பாத்திரத்தின் உயரம், அதற்குள் எட்டிப் பார்த்துக் கிளற வேண்டும். அது தாழ்ந்திருக்க வேண்டும். துலக்குவது நான், சமைப்பது அம்மா. இரண்டும் வேறு வேறு சுவர்கள். பிறகு எதற்கு ஒரே உயரம்? சிங்க் பக்கம் 39, அடுப்புப் பக்கம் 32 என்று எழுதி வைத்துவிட்டேன்.

ஜனவரி 27

தச்சருக்குப் பிடிக்கவில்லை. "பார்க்க ஒரு மாதிரி இருக்கும் சார்" என்றார். பார்க்கத்தானே, பரவாயில்லை. அடுத்து அவர் சொன்னதுதான் சரியான ஆட்சேபம்: சிங்க் பக்கம் சிந்தும் தண்ணீர் மூலையில் வழிந்து அடுப்புப் பக்கம் இறங்கும். கல்லின் ஓரத்தில் அரை அங்குலம் வரம்பு வைக்க ஒப்புக்கொண்டார். பாத்திரம் கழுவும் இயந்திரம் பின்னாளில் வாங்கினாலும் உயரமான பக்கத்தில் நுழையும், தண்ணீரும் பக்கத்திலேயே கிடைக்கும்.

பிப்ரவரி 1

எலக்ட்ரீஷியன் வந்தார். கூரை விளக்கு முதுகுக்குப் பின்னால் இருப்பதால் நம் நிழலிலேயே நறுக்குகிறோம். மேல் அலமாரிகளின் அடியில் விளக்கு வரும். டைல்ஸ் ஒட்டும் முன்பே சுவரை வெட்டி ஒயர் இழுத்துவிட வேண்டும்.

பிப்ரவரி 3

அட்டைப் பெட்டிகளை அடுக்கி 32 அங்குல மேடை ஒன்றைக் கூடத்தில் செய்து வைத்தேன். அம்மா வெறுந்தரையில் நின்று, காலி வாணலியை வைத்துக் கரண்டியால் நாலு சுற்று சுற்றினார். ஒன்றும் சொல்லவில்லை. நிற்கும் பலகையைப் பரணில் போடச் சொன்னார். தூக்கி எறிந்துவிடவா என்று கேட்டேன்.

"வேலை முடியட்டும், பார்க்கலாம்."