ஹால் சுவரில் செபப் பீடம்: அளவுகளும் சிக்கல்களும்

நம் கத்தோலிக்க வீடுகளில் செபப் பீடம் பெரும்பாலும் ஐந்தரை அடி உயரத்தில்தான் ஏறுகிறது. தச்சர் நின்றபடி அளவெடுக்கிறார், வீட்டுக்காரரும் நின்றபடியே தலையாட்டிவிடுகிறார். ஆனால் செபமாலை சொல்வது பாயில் உட்கார்ந்து, பிரார்த்தனை சொல்வது முழந்தாளிட்டு. ஐம்பத்து மூன்று மணி உருட்டி முடிக்கும்வரை கழுத்தை அண்ணாந்தே வைத்திருக்க யாராலும் ஆகாது. கொஞ்ச நாளில் குடும்பச் செபம் சோபாவுக்கு நகர்ந்துவிடும், பீடம் ஷோகேஸ் ஆகிவிடும். அதனால் இந்த வேலையில் படம், சுரூபம் (சிலை), விளக்கு எல்லாவற்றுக்கும் முன்னால் உயரத்தைத்தான் முடிவு செய்தது.

ஐந்தேகால் அடி உயரமுள்ளவர் முழந்தாளிட்டால் கண் மட்டம் தரையிலிருந்து ஏறக்குறைய மூன்றரை அடி. சம்மணமிட்டால் இரண்டரை அடி. இந்த இரண்டையும் வைத்துப் பலகையின் மேல்மட்டம் 30 அங்குலம், திரு இருதயப் படத்தின் நடு 51 அங்குலம் என்று குறித்தாயிற்று. படம் 12க்கு 18 அங்குலம் என்பதால் அதன் அடிவிளிம்பு 42 அங்குலத்தில் நிற்கும். பாடுபட்ட சுரூபம், அதாவது இயேசு தொங்கும் சிலுவை, படத்துக்கு மேலே. ஒன்றரை அடி மாதா சுரூபம் படத்துக்கு முன்னால் நின்றால் படத்தின் கீழ்ப்பகுதியை மறைத்துவிடும். இடப்பக்கம் ஒதுக்க வேண்டும். வலப்பக்கம் விளக்குக்கு.

சுவர் எது என்பதில் கிழக்குக்கு ஒரு மரபு உண்டு. ஆதித் திருச்சபையில் கிழக்கு நோக்கிச் செபிப்பது வழக்கம். கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவர் வீடுகளில் அது இன்றும் இருக்கிறது. ஃபிளாட்டில் அதற்குச் சுவர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் திசையைவிட ஈரத்தைத்தான் பார்க்க வேண்டும். குளியலறையின் மறுபக்கச் சுவர், மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவர் இரண்டும் வேண்டாம். சந்தேகமிருந்தால் ஓரடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் சுவர் ஈரம் கக்குகிறது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சுரூபம் அந்த ஈரத்தை உறிஞ்சும். முதலில் பாதத்தருகே பெயின்ட் உப்பும், பிறகு செதிலாக உதிரும்.

பலகை 36க்கு 12 அங்குலம், 19 மி.மீ. பிளைவுட். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள நீர் தாங்கும் ரகம் விலை கூடுதல்தான், ஆனாலும் அதையே வாங்குங்கள். பூச்சாடித் தண்ணீரும் விளக்கெண்ணெயும் தினமும் சிந்துகிற இடம் இது. வெறும் பலகையே மூன்று கிலோவைத் தாண்டும். சுரூபம், கிரானைட் துண்டு, குத்துவிளக்கு எல்லாம் ஏறினால் பதினைந்து கிலோ வரும். அது பெரிய விஷயமில்லை. முழந்தாளிட்டு எழும் பெரியவர்கள் கைத்தாங்கலுக்குப் பிடிப்பது இந்த விளிம்பைத்தான்! கணக்கில் சேர்க்க வேண்டிய பாரம் அது. பத்து அங்குல எல் பிராக்கெட் மூன்று, 8 மி.மீ. பிளக், இரண்டரை அங்குல ஸ்க்ரூ. இரண்டு அங்குல ஸ்க்ரூவில் பூச்சே முக்கால் அங்குலத்தை எடுத்துக்கொள்ளும், செங்கலுக்குள் போவது கொஞ்சம்தான். புதிய அடுக்குமாடிகளில் சுவர் செங்கலாக இல்லாமல் லேசான ஏ.ஏ.சி. பிளாக்காக இருந்தால் சாதாரண பிளக் உள்ளேயே சுற்றும். அங்கே டிரில்லைச் சுத்தியல் முறையில் ஓட்டக் கூடாது, துளை அகன்றுவிடும். அந்த பிளாக்குக்கென்றே விற்கும் நீள பிளக்கைக் கேட்டு வாங்க வேண்டும்.

பலகைக்குக் கீழே நான்கு அங்குல இழுப்பறை. செபப் புத்தகங்கள், செபமாலைகள், தீப்பெட்டி, மெழுகுதிரி எல்லாம் அதற்குள். மெழுகுதிரியைப் படுக்கவைத்தே சேமியுங்கள். மே மாத வெயிலில் சாய்த்து வைத்தவை வளைந்துவிடும். பிப்ரவரி 2ஆம் தேதி கோயிலில் மந்திரித்து (ஆசீர்வதித்து) தரும் திரிகளைத் தனியாகத் துணியில் சுற்றி வைத்தால் இடியும் மின்னலுமான இரவில் தேட வேண்டியிருக்காது.

நெருப்புதான் இந்த வேலையில் மிகவும் கவனம் கேட்டது. பிரச்சினை சீலிங் ஃபேன். காற்றில் சுடர் ஒரு பக்கம் சாய, மெழுகு ஒரே பக்கமாக வழிகிறது, திரி புகைகிறது, ஒரு மாதத்தில் சுவரில் கருப்புப் பட்டை. ஃபேனை நிறுத்தச் சொன்னால் ஏப்ரல் மாதத்தில் செபமே நின்றுவிடும். சுடரைவிட இரண்டு அங்குலம் உயரமான அகலக் கண்ணாடிக் குவளை, அடியில் அரை அங்குலம் மணல், நடுவில் திரி. இதில் பெரும்பாலும் சரியாகிவிட்டது. திரியைக் கால் அங்குலத்துக்கு மேல் வளரவிடாமல் நறுக்கினால் புகை இன்னும் குறையும். குவளை குறுகலாக இருந்தால் காற்றுப் போதாமல் கூடுதலாகப் புகையும். மெழுகு கடைசி அரை அங்குலத்தில் அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் கண்ணாடி விரிசல் விடும். எல்லாவற்றுக்கும் அடியில் பத்து அங்குலச் சதுர கிரானைட். சமையல் மேடை போடுகிற கடையில் வெட்டிப்போட்ட துண்டு கிடைக்கும், ஓரத்தை மட்டும் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். சுடருக்கு நேர் மேலே இன்னொரு தட்டு, பின்னால் திரைச்சீலை, பக்கத்தில் பிளாஸ்டிக் மாலை ஆகிய மூன்றும் கூடாது. 30 அங்குலம் என்பது தவழ்ந்து எழும் குழந்தைக்கும் எட்டும் உயரம். அந்த வயதில் பிள்ளை இருந்தால், அது வளரும்வரை பாட்டரித் திரிதான்.

படத்தின் கண்ணாடியில் ட்யூப் லைட் பளிச்சிட்டால் ஆண்டவர் முகம் தெரியாது. பழைய வீடுகளில் படங்களை முன்பக்கம் சாய்த்து மாட்டியது இதற்கும் உதவியது. மேல்விளிம்பு சுவரிலிருந்து ஓரங்குலம் முன்தள்ளி நிற்கட்டும். கீழ்விளிம்பின் பின்னால் இரண்டு ரப்பர் குமிழ் ஒட்டினால் காற்றோட்டமும் கிடைக்கும், படத்தில் பூஞ்சை ஏறாது. இரண்டடி எல்.இ.டி. பட்டை, 3000 கெல்வின் மஞ்சள் ஒளி, 12 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டர் போதும். ஸ்விட்ச் உட்கார்ந்த கைக்கு எட்ட வேண்டும். ஓடி ஓடி மின்னும் சீரியல் பல்ப் திருவிழாச் சப்பரத்துக்கு அழகு, தினசரி தியானத்துக்குத் தொல்லை.

விரிப்புத் துணி: பக்கத்துக்கு ஆறு அங்குலமும் முன்னால் ஐந்து அங்குலமும் தொங்கலாம். அதாவது தைத்த அளவு 48க்கு 17. 36 அங்குல அகலப் பருத்தித் துணியை நீளவாக்கில் இரண்டாக வெட்டினால் இரண்டு விரிப்புக் கிடைக்கும், ஒன்று துவைக்க ஒன்று விரிக்க. ஒன்றரை மீட்டர் வாங்கி, துவைத்துச் சுருங்கிய பிறகே வெட்ட வேண்டும்; அகலமும் கொஞ்சம் சுருங்குவதால் முன்தொங்கல் ஓரங்குலம் குறையலாம், பரவாயில்லை. பாலியெஸ்டர் பொறி பட்டால் உருகி ஒட்டும். திருவழிபாட்டுக் காலங்களுக்குரிய பச்சை, ஊதா, வெள்ளை, சிவப்பு என்று நான்கும் ஒரேயடியாகத் தைக்கத் தேவையில்லை. பொதுக்காலத்துப் பச்சைதான் ஆண்டில் பாதிக்கு மேல் கிடக்கும். அதை முதலில் தைத்தாயிற்று. தவக்காலத்துக்கும் திருவருகைக் காலத்துக்கும் ஊதா அடுத்தது. மெழுகு சொட்டிவிட்டால் ஐஸ் வைத்து இறுக்கிச் சுரண்டி, மீதிக்குச் செய்தித்தாள் மேல் வைத்து இஸ்திரி போடுங்கள்.

முழந்தாள் பலகைக்குத் தரையிலிருந்து ஆறு அங்குலம், இரண்டு அங்குல அடர்த்தி நுரை, மேலே ரெக்சின். மெத்தைக் கடை மென்நுரை சில வாரத்தில் அப்பளமாகிவிடும். இடமில்லாத வீட்டில் மடித்த சமுக்காளமே போதும், அதில் குறைவொன்றும் இல்லை.

வேலை முடிந்ததும் பங்குத்தந்தையை அழைத்து மந்திரிப்பது வழக்கம். திரு இருதய ஆண்டவரை வீட்டின் அரசராக நிறுவும் சடங்கும் அப்போதே நடக்கலாம். பெருவில் பிறந்த குரு மத்தேயோ கிராலி-போவே 1907இல் தொடங்கி வைத்த பக்தி முயற்சி அது. செபத்துக்கென ஒரு மூலையை ஒதுக்குவதைத் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2691ஆம் எண்ணில் சொல்கிறது; அங்கே குறிப்பிடப்படுபவை திருநூலும் திருவுருவப் படங்களும்தான். அதனால் விவிலியத்தைச் சுரூபங்களுக்குப் பின்னால் செருகாமல் சாய்வுத் தாங்கியில் முன்னால் வையுங்கள். இரவில் மூடிவிட்டால் தாள் பழுக்காது, முதுகும் உடையாது. சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே வீடுகளில் சுரூபம் இல்லை; அவர்களுக்கு மத்தேயு 6:6 சொல்லும் பூட்டிய கதவுதான் முக்கியம். அதே 30 அங்குலப் பலகை அங்கே வேதாகமத்துக்கும் ஜெபக் குறிப்பு நோட்டுக்கும் மேசையாகும்.

பராமரிப்பில் சுரூபத்துக்கு ஈரத்துணி கூடாது, மென்மயிர் பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும். குருத்து ஞாயிற்றின் ஓலை பாடுபட்ட சுரூபத்துக்குப் பின்னால் ஆண்டு முழுதும் இருக்கும். அடுத்த சாம்பல் புதனுக்கு முன் கோயிலில் சேர்த்துவிடுங்கள், அதிலிருந்துதான் சாம்பல். உடைந்த சுரூபத்தைக் குப்பையில் போடாமல் மண்ணில் புதைக்க வேண்டும். ஓலையை மாற்றும் அதே நாளில் பிராக்கெட் ஸ்க்ரூக்களையும் ஒரு சுற்று முறுக்கிப் பாருங்கள். முதல் ஆண்டில் ஒன்றிரண்டு தளர்ந்திருக்கும்.