போதுங்களா என்று கேட்டார்

கோவை ராஜ வீதிப் பக்கம் இருந்த அந்தப் பழைய வீட்டை இடித்தாயிற்று. அது அவர்கள் சொத்து, அதில் எனக்குப் பேச்சில்லை. இடிக்கும் முன் அதன் உறுதியை ஆய்வு செய்த பொறியாளர் நான். அந்த வீட்டுப் பெரியவர் கேட்டதற்கு நான் சொன்ன பதில்தான் இன்னும் உறுத்துகிறது.

ஆய்வறிக்கையின் முதல் பக்கத்திலேயே 1900 பிப்ரவரி 8-ஐ எழுதியிருந்தேன். அன்று கோவைப் பகுதியில் வந்த நிலநடுக்கத்தின் அளவு ஏறக்குறைய 6 என்று பின்னாளில் கணித்திருக்கிறார்கள். படித்துவிட்டுப் பெரியவர் சொன்னார்: "அதுக்கு முந்தியே எங்க அப்பாரு கட்டுன வீடுங் தம்பி. அந்த ஆட்டத்தையே தாங்கிருச்சு. இனி என்னத்துக்குங் கம்பியும் தகடும்?" (அப்பாரு என்றால் இந்தப் பக்கம் தாத்தா.)

நியாயமான கேள்விதான். ஆனால் அன்று ஆடி நின்றது வேறு வீடு. இப்போது முன்சுவரில் பாதியை ஷட்டருக்காக வெட்டி எடுத்திருந்தார்கள். உத்திரங்களின் மேல் செங்கல்லைச் சுண்ணாம்பில் பாவிய மெட்ராஸ் டெரஸ் தளம் ஒழுகிய ஒவ்வொரு முறையும், சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்த பழைய சுருக்கியைப் பெயர்க்காமல் அதன் மேலேயே ஜல்லியும் தட்டோடும் போட்டிருந்தார்கள். மூலையில் துளைத்துப் பார்த்தோம்: மூன்று அடுக்கு, முக்கால் அடிக்குக் குறையாது. (கொத்தனாரைக் குறை சொல்ல மாட்டேன். ஒழுகலை நிறுத்தத்தானே அவரைக் கூப்பிட்டார்கள்.) அத்தனை எடையையும் சுமந்த தேக்கு உத்திரங்களின் முனை, சுவருக்குள் எந்தப் பிடிப்பும் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தது. சுவர் வெளிப்பக்கம் சாய்ந்தால் உத்திரம் நழுவிவிடும். சுவரையும் உத்திரத்தையும் சேர்த்துப் பிடிக்க நான் எழுதியிருந்த கம்பியும் தகடும் அதைத் தடுக்கத்தான். இத்தாலியில் அசிசி தேவாலயத்தின் வளைகூரை 1997 நிலநடுக்கத்தில் விழுந்து நாலு பேர் இறந்தார்கள். பல காலமாக அதன் முதுகில் சேர்ந்துகிடந்த உடைசல்களின் எடையும் ஒரு காரணம் என்று அப்புறம் கண்டார்கள். இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப மேல இருக்கற பாரத்தை எறக்கி, கம்பியும் போட்டுட்டாப் போதுங்களா? விழாதுங்களா?" என்றார்.

"விழாதுன்னு சொல்ல முடியாதுங்க ஐயா. ஆளுக வெளிய வர்றதுக்கு நேரம் கிடைக்கும்."

பக்கத்தில் நின்ற மகனுக்கு முதல் பாதி மட்டும்தான் காதில் விழுந்தது போல.

வேறென்ன சொல்லியிருக்க முடியும்? எந்தப் பொறியாளரும் அந்த உத்தரவாதம் தர முடியாது. ஆனால் புதிதாகக் கட்டுகிற கான்கிரீட் வீட்டுக்கு யாரும் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. 2001 குஜராத் நிலநடுக்கத்தின் மையம் அகமதாபாத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்தது. அங்கே விழுந்த அடுக்குமாடிகளில் பல, கார் நிறுத்தக் கீழ்த்தளத்தைச் சுவரில்லாமல் வெறும் தூண்களில் விட்டவை. இந்த மனையில் வரப்போகும் கட்டிடத்தின் வரைபடத்தைப் பார்த்தேன். கீழே வெறும் தூண்கள்தான்.

"இப்ப இருக்கறதை விட ரொம்பப் பத்திரம்" என்று முதலில் சொல்லியிருந்தால்? அதுவும் உண்மைதான். சில நாள், விலை பேசி முடித்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டிருப்பார்கள், அவர்களுக்கு வேண்டியது 'விழாதுன்னு சொல்ல முடியாது' என்ற அந்த ஒரு வரிதான் என்று நினைத்துக்கொள்கிறேன். பெரியவர் முகம் நினைவுக்கு வந்தால் அப்படி நினைக்க முடிவதில்லை. அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

வரிசை வீடுகளில் ஒன்றை எடுத்தால் அதோடு முடிவதில்லை. இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர் இப்போது ஒரு பக்கம் அணைப்பில்லாமல் நிற்கிறது. நீலச் சுண்ணாம்பு, எண்ணெய்க் கறையோடு ஒரு விளக்கு மாடம், உத்திரம் பிடுங்கிய பொந்துகள் எல்லாம் தெருவுக்குத் தெரிகின்றன. அடுத்த வீட்டு அம்மா கூப்பிட்டு, "இனி நாங்களும் இடிக்கோணுமுங்களா?" என்று கேட்டார். வேண்டியதில்லை என்றேன், இந்த முறை அதை முதலில் சொன்னேன். பொந்துகளைச் செங்கல் வைத்துச் சுண்ணாம்புக் கலவையில் அடைக்க வேண்டும். அஸ்திவாரம் தோண்டும் முன் சுவருக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். நீளத்துக்கும் ஒரேயடியாகத் தோண்டாமல் துண்டு துண்டாகத் தோண்டச் சொல்லிக் கட்டுமானக்காரருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். பதில் வரவில்லை, ஜேசிபி வந்துவிட்டது என்று அந்த அம்மா இன்று போன் செய்தார்.