பழைய நாற்காலிக்குப் புது குஷன்: முதலில் ஆணியைப் பாருங்கள்

துணி கிழிந்த பிறகுதான் குஷன் மாற்றும் நினைப்பு வருகிறது. ஆனால் கடலோரப் பாம்பனிலோ கீழக்கரையிலோ தொண்டியிலோ இருபது வருடம் கிடந்த ஒரு தேக்கு நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள். ஆணித்தலைகள் துருவேறி உதிர்ந்திருக்கும். குஷனைத் தாங்கும் அடி நாடா ஒரு பக்கம் பிய்ந்து தொங்கும். மேலே துணி நன்றாகவே இருக்கும்.

காற்றோடு வரும் உப்பு மரத்தில் படிந்து, மழையில்லாத மாதத்திலும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. துருவேறிய இரும்பு பருத்து மரத்தை விரிய வைக்கும். தேக்கின் துவர்ப்போடு சேர்ந்து கறுப்புக் கறையாகும். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் துருவை ஆராய மண்டபம் ஊரில் தனி நிலையமே வைத்திருக்கிறது. 2025-இல் திறந்த புதிய பாம்பன் பாலத்திலும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளைத்தான் போட்டார்கள். நாற்காலிக்கும் அதே கணக்குதான்.

ஐப்பசி முதல் மார்கழி வரை இந்த வேலையைத் தொடாதீர்கள். ஈரத்தோடு மூடிய குஷன் உள்ளேயே பூஞ்சை பிடிக்கும். மாசி, பங்குனி வெயில் சரியான காலம்.

ஆணி பிடுங்கும்போது நெம்புகோலை மரத்தின் ரேகை போகும் திசையிலேயே தள்ளுங்கள். குறுக்கே நெம்பினால் சட்டத்தின் ஓரம் சிம்பாகப் பெயரும். தலை ஒடிந்த ஆணியைக் குறட்டால் பிடித்து எடுக்கப் பாருங்கள். வரவே இல்லையென்றால் 2 மில்லிமீட்டர் உள்ளே அடித்து இறக்கி, மேலே எம்-சீல் வைத்துக் காற்றுப் படாமல் மூடுங்கள். பழைய ஓட்டைகளில் மூங்கில் குச்சியைப் பெவிகாலில் தோய்த்துச் செருகி, காய்ந்ததும் மட்டமாக வெட்ட வேண்டும். புது ஆணி வரிசை பழையதிலிருந்து அரை சென்டிமீட்டராவது தள்ளி வரட்டும்.

பிறகு சட்டம் முழுவதையும் ஈரத்துணியால் இரண்டு மூன்று முறை துடையுங்கள். இதற்குக் காவிரிக் குடிநீரோ மழைநீரோதான். உவர்ப்பான போர் தண்ணீரில் துடைத்தால் எடுத்த உப்பைத் திரும்பப் பூசியதாகும். இரண்டு நாள் நிழலில் காயட்டும். ஆடுகிற பொருத்துகளை இப்போதே கழற்றிப் பசையிட்டு இறுக்கிவிடுங்கள். குஷன் ஏறிய பிறகு கை போகாது.

ஸ்டேப்ளர் பின் 304 ரகத் துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். நாடாவுக்கு 12 மி.மீ., துணிக்கு 10 மி.மீ. காந்தம் வைத்துச் சோதிக்காதீர்கள்: இழுத்துக் கம்பியாக்கிய 304 எஃகையும் காந்தம் லேசாக இழுக்கும், நல்ல பின்னைப் போலி என்று நினைத்துவிடுவீர்கள். நாலு பின்னைக் கடல்நீரில் நனைத்த துணியில் சுற்றி மூன்று நாள் வையுங்கள், துணியில் விழும் கறை காட்டிக்கொடுக்கும். அலங்காரக் குமிழ் ஆணிக்கு மட்டும் காந்தம் நம்பகமானது. பித்தளையென்று விற்பதில் பல, முலாம் பூசிய இரும்பு. காந்தத்தில் ஒட்டினால் வேண்டாம். வயிரம் பாய்ந்த பழைய தேக்கில் கை ஸ்டேப்ளர் முழுதாக இறங்காது. அங்கே 1 மி.மீ. துளை போட்டு, 16 மி.மீ. துருப்பிடிக்காத எஃகு ஆணி அடிப்பதுதான் வழி.

அடி நாடாவுக்குச் சணல் இந்தக் கரையில் சீக்கிரம் தளர்ந்து இற்றுப்போகும். நைலான் ஈரம் குடித்தால் நீளும். பாலிபுரோப்பிலீன் ஈரம் குடிக்காது. கடையில் இரண்டையுமே நைலான் என்றுதான் கொடுப்பார்கள். துண்டு வெட்டித் தண்ணீருக்குள் அமுக்கி விடுங்கள். மிதந்து வந்தால் பாலிபுரோப்பிலீன், மூழ்கினால் நைலான். வலைக்கயிறு வாங்குபவர்களுக்கு இது புதிதல்ல. 20 அங்குலச் சதுர இருக்கைக்கு 2 அங்குல அகல நாடா நீளவாக்கில் நாலு, குறுக்கே நாலு, பாய் போலப் பின்னி. ஐந்தரை மீட்டர் வாங்கினால் போதும். வெட்டிய நுனியைச் சூட்டுக் கத்தியால் உருக்கிவிடுங்கள். ஒரு முனையை மடித்து ஐந்து பின் வளைவும் நெளிவுமாக அடியுங்கள். நேர்கோட்டில் அடித்தால் மரம் கீறும். மறுமுனையை மரக்கட்டையில் சுற்றி நெம்பி இழுத்து அடிக்க வேண்டும். விரலால் தட்டினால் பறை போல ஒலிக்கவேண்டும். தொய்வாக விட்டால் எவ்வளவு நல்ல ஃபோம் போட்டாலும் நடுவில் குழி விழும்.

நாடாவின் மேல் காடா துணி, அதன் மேல் நிரப்பு. பழைய தென்னை நார் நீளமாக, முறுக்கோடு இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். உதறி, நல்ல தண்ணீரில் அலசி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்தால் இன்னும் பல வருடம் உழைக்கும். உவர்நீரில் ஊறிப் பிரித்த நாருக்கு உப்பு எதிரியல்ல. கட்டி தட்டிய இலவம்பஞ்சை மட்டும் கழித்துவிடலாம். நாரின் மேல் 40 அடர்த்தி ஃபோம் 2 அங்குலம். நார் இல்லையென்றால் 3 அங்குலம். எல்லாப் பக்கமும் இருக்கையை விட அரை அங்குலம் கூடுதலாக வெட்டுங்கள். ஓரம் நிறைவாக நிற்கும்.

துணி விஷயத்தில் என் தீர்மானம் ஒன்றே: பி.யூ. (பாலியூரித்தேன்) ரெக்சின் வேண்டாம். ஈரப்பதம் அதன் மேல்பூச்சையே வேதிமாற்றத்தால் சிதைத்து, சில வருடத்தில் தோல் உரிவது போல உரித்துவிடும். பி.வி.சி. ரெக்சின் உரியாது, ஆனால் சாளர வெயிலில் விறைத்து வெடிக்கும். கனமான பருத்திக் கித்தான், மேலே கழற்றித் துவைக்கிற உறை. இதுவே நமக்கு ஒத்துவரும். 54 அங்குல அகலத் துணியில் 80 செ.மீ. எடுத்தால் இருக்கைக்கு 30 அங்குலச் சதுரம் போக, சாய்மானத்துக்கும் மிஞ்சும்.

துணியை இழுத்து ஸ்டேப்ளர் பின் அடிக்கும் வரிசை இது: பின்பக்கம் நடுவில் ஒன்று, முன்பக்கம் நடுவில் ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று. பிறகு நடுவிலிருந்து மூலை நோக்கி. மூலையை முதலில் இழுத்தால் சாய்வாகச் சுருக்கம் விழும். அதைப் பிறகு சரிசெய்யவே முடியாது, பின்னைக் கழற்றத்தான் வேண்டும். முதல் சுற்றில் பின்னைப் பாதிதான் இறக்குங்கள். நூல் நேராக ஓடுகிறதா என்று பார்த்த பின் விரற்கடைக்கு ஒன்றாக முழுதும் அடிக்கலாம்.

அடியில் பிளாஸ்டிக் ஷீட் ஒட்டாதீர்கள். மெல்லிய காடா துணி மட்டும் போதும். பலகை வைத்த இருக்கை என்றால் ஐ.எஸ். 710 தர மெரைன் பிளைவுட்டில் 12 மி.மீ. துளை ஒன்பது போடுங்கள். உட்கார்ந்து எழும்போதெல்லாம் குஷன் அந்தத் துளைகள் வழியாக மூச்சுவிடும்.