அயர்லாந்தின் புரோநோட்டும் வீட்டு வரியும்

2010-ல் ஆங்கிலோ ஐரிஷ் வங்கியைத் தாங்கிப் பிடிக்க அயர்லாந்து அரசு ரொக்கம் தரவில்லை, புரோநோட்டு எழுதிக் கொடுத்தது. ஐரிஷ் நேஷன்வைடு என்ற வீட்டுக்கடன் நிறுவனத்தையும் சேர்த்துச் சுமார் 3,100 கோடி யூரோ. தவணை ஆண்டுக்குச் சுமார் 310 கோடி, மார்ச் 31-ல்.

2012-ல் அதே மார்ச் 31தான் வீட்டுக்கு 100 யூரோ புது வரிக்கும் கெடு! மாளிகைக்கும் 100, ஒற்றை அறை ஃபிளாட்டுக்கும் 100. வீட்டு உரிமையாளர் பட்டியல் அரசிடம் இல்லாததால் அவரவரே பதிவு செய்ய வேண்டும். கெடு நாளில் ஏறத்தாழ பாதிப் பேர்தான் பதிந்திருந்தார்கள். முழுதாக வசூலானாலும் 16 கோடிதான், அதுவும் வங்கித் தவணைக்கு அல்ல, உள்ளாட்சிக்கு. தெருவில் அந்த விளக்கம் எடுபடவில்லை, எடுபடாது.

2013 பிப்ரவரியில் ராத்திரியோடு ராத்திரியாகச் சட்டம் போட்டு வங்கியைக் கலைத்தார்கள். புரோநோட்டுக்குப் பதில் 2,500 கோடிக்கு அரசுக் கடன் பத்திரங்கள், முதிர்வு 2038 முதல் 2053 வரை. அசலில் தள்ளுபடி இல்லை, நாள்தான் தள்ளிப்போனது. பத்திரம் அயர்லாந்து மத்திய வங்கியிடம் இருந்தவரை வட்டியில் பெரும்பகுதி லாபமாக அரசுக்கே திரும்பியது. அதனால் மத்திய வங்கி அவற்றை மெதுவாக விற்பதில் அரசுக்கு ஆதாயம் இருந்தது.

அந்த ஜூலையில் 100 யூரோ போய் சொத்து வரி வந்தது. அப்போது பத்து லட்சம் யூரோ மதிப்பு வரை 0.18%. 1,50,001–2,00,000 மதிப்புப் படிக்கு நடுமதிப்பு 1,75,000. ஆண்டு வரி 315. இம்முறை வசூல் வருமான வரித்துறை கையில். கட்டாவிட்டால் சம்பளத்திலேயே பிடித்தம். பழைய 100 பாக்கியும் 200 ஆகிக் கூடவே வந்தது.