ஏசில காத்து வரலன்னா உடனே கேஸ் அடிக்காதீங்க

ரெண்டு மாசமா நம்ம வண்டி ஏசில காத்து கொஞ்சம் கொஞ்சமா கொறைஞ்சுட்டே வந்துச்சு, கடைசில ஃபேன நாலுல வெச்சாலும் உய்ய்ன்னு சத்தம் மட்டும்தான், வென்ட் கிட்ட கைய வெச்சா யாரோ லேசா ஊதற மாதிரி இருக்கு. வொர்க்‌ஷாப்ல திறந்து கூட பாக்கல, "கேஸ் போயிருக்கும் சார், அடிச்சிடலாம்"னுட்டாங்க. எனக்கு அங்கதான் இடிச்சுது. வர்ற காத்து கொஞ்சமா இருந்தாலும் ஜில்லுன்னுதானே இருக்கு? கேஸ் கம்மியானா காத்து நல்லா வரும், ஆனா குளிராது. காத்த தள்றது ப்ளோயர் வேலை, கேஸ் வேலை இல்ல.

வீட்டுக்கு வந்து க்ளவ் பாக்ஸ இறக்கி கேபின் ஃபில்டர, அதான் உள்ள வர்ற காத்த வடிகட்டறத, உருவினேன். வெள்ளையா இருக்க வேண்டியது கரிக்கட்டை மாதிரி இருக்கு, மடிப்புக்கு மடிப்பு காஞ்ச இலைத்தூள், ஒரு ஓரத்துல பஞ்சு மாதிரி தூசி தடிப்பா ஒட்டி விரலால கிள்ளி எடுக்கற அளவுக்கு. ஃபில்டர் இல்லாம ஃபேன் போட்டு பாத்தா காத்து மூஞ்சில அடிக்குது! அவ்ளோதான் பிரச்சனை. சும்மா டெஸ்டுக்கு இப்படி ஓட்டலாம், அப்படியே விட்டுடாதீங்க, குப்பையெல்லாம் நேரா கூலிங் காயில்ல போய் ஒட்டிக்கும். புதுசு போடறப்ப ஓரத்துல இருக்கற அம்புக்குறி காத்து போற பக்கமா இருக்கணும்.

ஃபில்டர் சுத்தமா இருந்தும் ஃபேன் 1, 2, 3ல வேலை செய்யாம 4ல மட்டும் ஓடுதுன்னா அனேகமா ஃபேன் ஸ்பீட கொறைக்கற ப்ளோயர் ரெசிஸ்டர் போயிருக்கும், ஏன்னா நாலாவது ஸ்பீடுக்கு கரண்ட் ரெசிஸ்டர் வழியா போகாம நேரா மோட்டாருக்கு போகுது. சின்ன பார்ட்டுதான். அந்த ரெசிஸ்டர் சூடாகற சாமான், ப்ளோயர் காத்துலதான் அது ஆறும், அதனால ஃபில்டர் அடைச்சு கெடந்தா இதுவும் சேந்து கருகலாம். எந்த ஸ்பீட்லயும் ஃபேன் சுத்தவே இல்லன்னா மொதல்ல ஃப்யூஸ் பாருங்க, அது சரியா இருந்தா மோட்டார லேசா தட்டி பாருங்க, தட்டினதும் சுத்துச்சுன்னா உள்ள சுத்தற பாகத்துக்கு கரண்ட் குடுக்கற கார்பன் பிரஷ் தேஞ்சிருக்கு, மோட்டார மாத்தற நேரம் வந்துடுச்சு.

கேஸுக்கும் காத்துக்கும் சம்பந்தம் வர்ற ஒரு எடம் இருக்கு. கெளம்பும்போது காத்து பிரமாதமா வரும், அரை மணி நேரம் ஓட்டினதும் கொறைஞ்சுட்டே போய் நின்னுடும், ஏசிய ஆஃப் பண்ணி ஃபேன மட்டும் ஓட விட்டா பத்து பதினஞ்சு நிமிஷத்துல திரும்ப வரும், வண்டிக்கு கீழ தண்ணியும் நெறைய சொட்டும். அது கூலிங் காயில் ஐஸ் கட்டி வழிய அடைக்கறது. கேஸ் கம்மியா இருந்தாலும் கட்டும், காயில் சென்சார் கெட்டாலும் கட்டும், ஃபில்டர் அடைச்சாலும் கட்டும். அப்பவும் சும்மா கேஸ் ஏத்த விடாதீங்க, மொதல்ல கேஜ் போட்டு ப்ரஷர காட்ட சொல்லுங்க, கம்மியா இருந்தா எங்க லீக்குன்னு கண்டுபிடிச்சு அடைச்சிட்டு அப்பறம் அடிக்க சொல்லுங்க.