புளியங்கொட்டைக் கணக்கு

லண்டனில் எங்கே போக வேண்டும் என்று மகன் கேட்டதும் "கென்சிங்டன் கோர்" என்றேன். அங்கே என்னம்மா இருக்கு என்றான். ஆல்பர்ட் ஹாலுக்குப் பக்கத்திலேயே ஒரு செங்கல் மாளிகை இருக்கிறது. 1830ல் தொடங்கிய ராயல் ஜியாக்ரஃபிகல் சொசைட்டிக்கு, அதாவது புவியியல் சங்கத்துக்கு, 1913 முதல் அதுதான் இருப்பிடம். ஞாயிற்றுக்கிழமை போனது என் தப்பு. கதவு சாத்தியிருந்தது. வெளிச்சுவர் மாடங்களில் நாடுகாண் பயணிகள் லிவிங்ஸ்டனும் ஷாக்கிள்டனும் சிலைகளாக நின்றார்கள். நான் நினைத்துக்கொண்டு போனது நயின் சிங் ராவத்தை.

குமாவூன் மலைக்காரர். என்னைப் போல வாத்தியார். வெள்ளைக்காரர்களைத் திபெத்துக்குள் விடாத காலம் அது. ரகசியமாக நடந்தே அளந்து வர, சர்வே துறை இவரைப் பழக்கி அனுப்பியது. ஏற்றமோ இறக்கமோ, காலடி ஒரே அளவில் விழ வேண்டும். ஜபமாலையில் 108 மணிக்குப் பதில் 100. நூறு அடிக்கு ஒரு மணி தள்ளுவார். மாலை ஒரு சுற்று வந்தால் பத்தாயிரம் காலடி, ஐந்து மைல். கணக்கெழுதிய தாள், பௌத்தர்கள் கையில் சுழற்றும் ஜபச் சக்கரத்துக்குள் போய்விடும். தண்ணீர் எந்தச் சூட்டில் கொதிக்கிறது என்று பார்த்தே லாசாவின் உயரத்தைக் கணித்தார். 1877ல் சொசைட்டி அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது.

எட்டாம் வகுப்புக்கு இந்தப் பாடம் வந்தால் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு பிடி புளியங்கொட்டை கொடுப்பேன். பள்ளி கேட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டுவரை நடை; நூறு அடிக்கு ஒரு கொட்டை வலது கையிலிருந்து இடது கைக்கு. பையன்கள் பாதியில் ஓட ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு வருஷம், பேசாமல் நடந்த ஒரு பெண்ணின் கணக்கும் டேப் அளவும் பத்தடிகூட விலகவில்லை.

அவளைக் கர்சனிடம் காட்டியிருக்க வேண்டும். பின்னால் நமக்கு வைஸ்ராயாக வந்தாரே, அவரேதான். சொசைட்டியில் 1892-93ல் பயண எழுத்தாளர் இசபெல்லா பேர்ட் உட்பட 22 பெண்களைச் சேர்த்தார்கள். உடனே ரகளை. கூட்டம் போட்டு, சேர்ந்தவர்கள் இருக்கட்டும், இனி யாரும் வேண்டாம் என்று முடித்துவிட்டார்கள். புவியியல் அறிவுக்கு ஏதாவது சேர்க்கப் பெண்களுக்குத் திறமை ஏது என்று பத்திரிகைக்கே எழுதினார் கர்சன். இருபது வருஷம் கழித்து, 1913ல், பெண்களுக்குக் கதவு திறந்தபோது தலைவர் நாற்காலியில் இருந்தவரும் அவர்தான்!

திரும்பும்போது சவுத் கென்சிங்டன் ஸ்டேஷன்வரை அடி எண்ணிப் பார்த்தேன். கொட்டைக்குப் பதில் கோட்டுப் பையில் சில்லறைக் காசு. அறுநூற்று நாற்பதில் மகன் "டீ குடிக்கலாமாம்மா?" என்றான். எண்ணிக்கை போச்சு.