ஆல்டர்னேட்டரைக் கழற்றும் முன் மல்டிமீட்டரை எடுங்கள்

பேட்டரி லைட் எரிந்தால் "டைனமோ போச்சு" என்று முடிவுகட்டுவது நம்ம ஊர்ப் பழக்கம். டைனமோ என்று நாம் சொல்வது, எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைத்தான். அந்த விளக்கு சொல்வது சார்ஜ் ஏறவில்லை என்பதை மட்டும்தான். பெல்ட் நழுவியிருக்கலாம், மெயின் ஃபியூஸ் போயிருக்கலாம், எர்த் ஒயரில் துரு ஏறியிருக்கலாம். சென்னையில் பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடலோரத்தில் நிற்கும் வண்டிகளில் கடைசிக் காரணத்துக்குத்தான் வாய்ப்பு அதிகம். இவற்றைப் பார்க்காமல் புது ஆல்டர்னேட்டர் போட்டால் விளக்கு திரும்பவும் எரியும்.

சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். சில மணி நேரம் ஓடாமல் நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்து, ஹெட்லைட்டும் புளோயரும் போட்டபின் 13.5 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். 13-ஐத் தொடவில்லை என்றால் சார்ஜ் போதவில்லை. 15-ஐத் தாண்டினால் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கோளாறு. பேட்டரி தண்ணீர் கொதித்து வற்றிவிடும். புதிய கார்கள் பலவற்றில் சார்ஜிங்கை இசியு (எஞ்சினை இயக்கும் கணினி) கட்டுப்படுத்துவதால் வோல்ட் ஏறி இறங்குவது இயல்பு. அங்கே ஒரே அளவை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள்.

குறைவாகக் காட்டினால் ஆல்டர்னேட்டர் மேல் பழி போடும் முன் இன்னும் இரண்டு அளவு. எஞ்சின் ஓடும்போதே மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டர் பின்னால் உள்ள தடித்த ஒயரின் போல்ட்டிலும் இன்னொன்றைப் பேட்டரி பாசிட்டிவிலும் வையுங்கள். பிறகு ஆல்டர்னேட்டர் பாடிக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே. இரண்டில் எதிலாவது 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு ஒயரிலோ டெர்மினலிலோ இருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினாலே பல வண்டிகள் சரியாகிவிடும். மீட்டரை ஏசி வோல்ட்டில் திருப்பி, எஞ்சின் ஓட பேட்டரியில் பாருங்கள், 0.5-க்கு மேல் போனால் ஆல்டர்னேட்டருக்குள் ஏசியை டிசியாக மாற்றும் டயோடு போயிருக்கிறது. இரவில் நிறுத்திய வண்டி காலையில் செல்ஃப் எடுக்காததற்கு டயோடு லீக்கும் ஒரு காரணம்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி, அணையாமல் ஓடுகிறதா என்று பார்க்கும் சோதனையைத் தயவுசெய்து செய்யாதீர்கள், செய்ய வருபவரையும் தடுங்கள். பேட்டரி விலகிய நொடியில் வோல்ட் பல மடங்கு எகிறும். ஆல்டர்னேட்டர் நன்றாக இருந்தாலும் இசியு போய்விடலாம்.

ஆல்டர்னேட்டர்தான் என்று உறுதியானபின் அதில் எது என்று பாருங்கள். பெல்ட்டைக் கழற்றிப் புல்லியைக் கையால் சுற்றும்போது கரகரத்தால் பேரிங். சார்ஜ் விட்டு விட்டு வந்தால் பெரும்பாலும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். இவற்றை மட்டும் மாற்றித் தரும் எலக்ட்ரிக்கல் கடைகள் ஊரில் நிறைய உண்டு. காயில் கருகியிருந்தால்தான் முழுதாக மாற்ற வேண்டும். புதுப்பேட்டையிலோ ஜிபி ரோட்டிலோ வாங்குவதானால் பழசைக் கையோடு கொண்டுபோங்கள். ஆம்பியர், புல்லியின் வரிகள், கனெக்டர் பின்கள், போல்ட் நுழையும் மவுண்டிங் காதுகளின் இடைவெளி நான்கும் ஒத்துப்போக வேண்டும். ஆல்டர்னேட்டர் செய்யும் தொழிற்சாலை இருப்பதால் ஒரு நிறுத்தத்துக்கே 'பாடி லூகாஸ்' என்று பெயர் நிலைத்த ஊர் இது, நல்ல பாகத்துக்குப் பஞ்சமில்லை.

கழற்றும்போது முதல் வேலை பேட்டரி நெகட்டிவை எடுப்பது. ஆல்டர்னேட்டர் பின்னால் உள்ள தடித்த ஒயர் சாவி சுவிட்ச் வழியாகப் போகாமல் நேராகப் பேட்டரிக்குப் போவதால், ஸ்பானர் எஞ்சினில் பட்டாலே பொறி பறக்கும். பெல்ட் ஓடும் வழியை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பழைய மாருதி போன்ற வண்டிகளில் மேலே அட்ஜஸ்டிங் போல்ட்டையும் கீழே பிவட் போல்ட்டையும் தளர்த்தினால் பெல்ட் வந்துவிடும். பெல்ட்டைத் தானே இறுக்கி வைக்கும் டென்ஷனர் உள்ளவற்றில் அதைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். மழைநீர் தெறித்துத் தெறித்துக் கீழ் போல்ட் துருவேறிக் கிடக்கும். முந்தின இரவே துரு நீக்கும் ஸ்பிரே அடித்து ஊறவிடுங்கள். பலம் கொடுத்துத் திருகினால் தலை உடையும்.

பழைய டாடா, மஹிந்திரா டீசல் வண்டிகள் பலவற்றில் பிரேக்குக்கான வேக்கம் பம்ப் ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே இருக்கும். அதற்கு ஆயில் குழாயும் வேக்கம் ஹோஸும் போகும். புதியதில் பம்ப் உண்டா என்று பார்த்து வாங்குங்கள், ஆயில் குழாயின் வாஷர்களையும் மாற்றுங்கள். ஹோஸ் சரியாக ஏறாவிட்டால் பிரேக் மிதி கல்லாக இறுகும். சாலைக்கு வரும் முன் நின்ற இடத்திலேயே மிதித்துப் பார்த்துவிடுங்கள்.

புதியது பிராக்கெட்டுக்குள் நுழைய மறுத்தால் பயப்பட வேண்டாம். காதில் உள்ள இரும்புப் புஷ் முன்னால் தள்ளி நிற்கும்; சுத்தியலால் மெதுவாகத் தட்டி இரண்டு மூன்று மில்லிமீட்டர் பின்னால் அனுப்பினால் உட்கார்ந்துவிடும். பெல்ட்டில் வெடிப்பு இருந்தால் சேர்த்தே மாற்றுங்கள். கையால் இறுக்கும் பெல்ட் என்றால் நீளமான பகுதியின் நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 10 மில்லிமீட்டர் அமுங்க வேண்டும். அதற்கு மேல் இறுக்கினால் புது பேரிங்கே சத்தம் போடும்.

செத்த பேட்டரியோடு புது ஆல்டர்னேட்டரை ஓட்டாதீர்கள். முழுச் சுமையையும் அதன் மேல் ஏற்றினால் சூடேறிக் கருகும். பேட்டரியை வெளியே முழுதாக சார்ஜ் செய்து, நெகட்டிவைக் கடைசியாக மாட்டி, முன்பு எடுத்த அளவுகளையே திரும்ப எடுங்கள். பின்பக்க போல்ட்டின் ரப்பர் மூடியை மறக்காமல் போடுங்கள். புது பெல்ட் கொஞ்சம் இளகும் என்பதால் 300 கிலோமீட்டர் ஓடியதும் அட்ஜஸ்டிங் போல்ட்டை ஒருமுறை பார்க்க வேண்டும்.